கரடிப் படம் ஓடாது என்று சொன்ன பாஞ்சாலை

பாஞ்சாலைக்கா தன் ஆயுளில் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்தது கிடையாது. விளக்கு போட்ட பிறகுதான் அவளுக்குத் தியேட்டருக்குள் வேலை. ஆனாலும் ஆலங்காயம் குல்ஷன் தியேட்டரில் எந்தப் படம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வது அவள்தான். முதலாளி பாஷா பாய் அவளைக் கேட்காமல் எந்தப் படத்தையும் இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொண்டதில்லை. வேலூரிலிருந்து வரும் விநியோகஸ்தர் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே, அவள் பெருக்கி முடிக்கும் வரை எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நான் அங்கே பதினேழு வருஷம் ஆபரேட்டராக இருந்தவன், சரவணகுமார். எல்லாப் படத்தையும் பார்த்தவன் என்று மார்தட்டிக்கொள்வேன். நான் சொன்னதில் நாலுக்கு ஒன்று பலித்தால் அதிகம். "நீ நல்லா கீதுன்னு சொல்லாதடா, அந்தப் படம் ஊத்திக்கும்" என்று பாய் என் வாயைப் பொத்துவார்.

அக்காவின் கணக்கே வேறு. அவள் குப்பையைப் பார்ப்பாள். படம் பிடித்துவிட்டால் ஜனங்கள் கடலையை உரித்துக் கண்ட இடத்தில் போடுவார்கள். தோல் முன்வரிசை வரைக்கும் சிதறிக் கிடக்கும். பிடிக்காவிட்டால் தோலைக் காலடியில் ஒரே இடத்தில் அம்பாரமாகக் குவித்து வைப்பார்கள். பார்க்க வேறு ஒன்றும் இல்லாதவன் கடலையைத்தானே பார்ப்பான். டிக்கெட்டைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டிருந்தால் அந்தப் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் ஆயுசு. பாதி தின்ற பஃப்ஸ், மூடி திறந்த தண்ணீர் பாட்டில், பெண்கள் வரிசையில் உதிர்ந்த மல்லிகை, இதெல்லாம் நல்ல சகுனம். ஒரு தடவை முகம் தெரியாத பையன்கள் நடித்த சின்னப் படம் ஒன்று வந்தது. முதல் நாள் அறுபது பேர்கூட இல்லை. அக்கா ஒற்றைச் செருப்பு ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஆபீஸ் அறைக்கு வந்தாள்.

"ஒரு மனுசன் ஒத்தச் செருப்போட வூட்டுக்குப் போயிருக்கான் பாய். அது தெரியாம போயிருக்கான். இந்தப் படத்த எடுத்துடாதீங்க" என்றாள்.

அந்தப் படம் ஐம்பது நாள் ஓடியது. அதே வருஷம் ஒரு பெரிய ஹீரோ படத்துக்கு ஊரே மேளம் அடித்தது, பேனருக்குப் பால் ஊற்றியது. அக்கா கடலைத் தோல் குவியலைக் காட்டி, பத்து நாள் என்றாள். ஒன்பதாவது நாள் தூக்கினோம்.

படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் அவள் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். "வாயி பொய் சொல்லும். செலவு பண்ணிட்டு வந்தவன் நல்லா இல்லன்னு சொல்லவே மாட்டான். குப்ப பொய் சொல்லாது" என்பாள்.

அவளுக்குச் சொந்த ஊர் ஜவ்வாது மலையில் எலந்தம்பட்டு. பதினெட்டு வயதில் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் குடித்துவிட்டு அடித்தான். ஒரு வருஷத்தில் விட்டுவிட்டு வந்தாள். மலையில் அது ஒன்றும் பெரிய குற்றமில்லை. மாப்பிள்ளை வீட்டில் வாங்கிய பரியப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. அதற்காக அவள் அப்பன் இரண்டு மாடுகளை விற்றார். அந்த மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தவன் தம்பி அர்ச்சுனன்; அப்போது பத்து வயசு. மூன்று நாள் சோறு தின்னாமல் அழுதானாம். அந்த அழுகையைக் கேட்டுவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்து தின்ன அவளால் முடியவில்லை. பஸ் ஏறிக் கீழே வந்துவிட்டாள்.

பாய் அவளுக்கு வேலையும் கொடுத்து, ஜெனரேட்டர் ஷெட்டை ஒட்டி ஓர் அறையும் கொடுத்தார். பத்துக்கு எட்டு இருக்கும். அதில் ஒரு ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி. கதவுக்கு அவளே வாங்கிப் போட்ட பூட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போவாள், நாலாம் நாள் திரும்பிவிடுவாள். "தம்பி வூட்டுக்குப் பலாப்பழம் சாப்புடப் போவலாம் சரவணா, பொழைக்கப் போவக் கூடாது" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அந்த அறையும் அந்தச் சாவியும்தான் அவளுக்கு எல்லாம்.

போன வருஷம் ஏப்ரலில் பாஷா பாயின் மகன் ஃபுர்கான் தியேட்டரை மூடச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. பாதி சீட்டில் கம்பி துருத்திக்கொண்டு நின்றது. எலிகள் எங்களைவிட சீனியர். வாணியம்பாடிப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்று, சரக்கு வைக்க இடம் தேடியது. சனிக்கிழமை காலையில் ஒப்பந்தத்தோடு வருகிறோம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் கரடிப் படம் ரிலீஸ். பொம்மைப் படம், அம்மாவைத் தொலைத்த ஒரு கரடிக்குட்டி காடு காடாகத் தேடிப் போகிற கதை. பாய்க்கு அதன் மேல் ஓர் ஆசை.

"பெரிய லீவு வருது. குடும்பம் குடும்பமா வந்தாங்கன்னா இன்னும் ரெண்டு வருசம் நடத்துவேன். வரலன்னா ஒன் இஷ்டம். கையெழுத்து போட்டுர்றேன்" என்று மகனிடம் சொன்னார்.

"எப்டி வாப்பா ஒரே நாள்ல தெரியும்?" என்றான் ஃபுர்கான்.

"பாஞ்சாலம்மா சொல்லும்."

ஃபுர்கானும் அதற்கு ஒப்புக்கொண்டான். அவன் சின்ன வயதிலிருந்து அக்காவின் வாக்கைப் பார்த்து வளர்ந்தவன்.

நான்தான் வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அக்கா, ஒங்க மலைல கரடிக்குப் பயந்து பரண்ல காவல் கெடக்கறாங்க. அவங்க துட்டு குடுத்துக் கரடிய பாக்க வருவாங்களா?" என்று கேட்டேன். பெருக்கினால்தான் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கீழே எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இன்னும் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அதனால் முதல் நாள் மேட்னிக்குக் கூட்டம் என்று வந்தது மலைப் பிள்ளைகள்தான். மலையில் விடுதியோடு இருக்கிற பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஜெயசுதா டீச்சர் நூற்று நாற்பது பேரை இரண்டு பஸ்ஸில் அழைத்து வந்தார். படம் முடிந்ததும் அப்படியே லீவுக்கு அவரவர் ஊரில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. எல்லோர் தோளிலும் புத்தகப் பை. அந்தக் கூட்டத்தில் அக்காவின் தம்பி மகள் தேவயானியும் இருந்தாள். நாலாம் வகுப்பு. கேட்டில் அக்காவைப் பார்த்ததும் பக்கத்துப் பிள்ளைகளை இடித்து இடித்துக் காட்டினாள்.

படம் ஓடும்போது என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு தலைகூட ஆடவில்லை. கைதட்டல் இல்லை, கூச்சல் இல்லை. கரடிக்குட்டி மலை உச்சியிலிருந்து விழுந்தபோதும் ஒரு சத்தம் வரவில்லை. நூற்று நாற்பது பிள்ளைகள் இருக்கிற கொட்டகையா இது என்று எட்டி எட்டிப் பார்த்தேன். இடைவேளையில் பாய் வராண்டாவில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமாகப் பாப்கார்ன் கொடுத்தார். கரடி முகம் அச்சடித்த அட்டைக் கப். படக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கு அனுப்பியது. பிள்ளைகள் வாங்கிக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான்.

படம் முடிந்து பஸ் கிளம்பும்போது தேவயானி ஜன்னலில் தலையை நீட்டி, "அத்தே, சூப்பரா இருந்திச்சு!" என்று கத்தினாள். அக்கா சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகும். அன்றைக்குக் கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. நான் என்ன என்று கேட்டேன். முறத்தைக் காட்டினாள். அதில் கொஞ்சம் மண்ணும் ஒரு ஹேர்பின்னும்தான் இருந்தன.

சாயங்காலக் காட்சிக்கு முப்பது பேர். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது முடிந்ததும் ஆபீஸ் அறையில் நாங்கள் நாலு பேர் கூடினோம். பாயும் ஃபுர்கானும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா துடைப்பத்தோடு வாசல்படியில் நின்றாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"இன்னாம்மா, பசங்க இன்னா சொல்றாங்க?" என்றார் பாய்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யோசிச்சு சொல்லு. ஓடாதுன்னா ஒன் வூடும் சேத்துதான் போவும்" என்றார்.

இப்போதும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நூறு நாள் என்று அடித்துவிட்டிருப்பேன். பொய் என்று யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு வருஷம் தள்ளினால் போதாதா? ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"ஓடாது பாய்" என்றாள். "ஒரு பொரிகூட கீழ இல்ல. இன்டர்வெல்லுலயே தின்னு முடிச்சிட்டுதான் உள்ள வந்துருக்குதுங்க. படத்துல மனசு போயிருந்தா கை தப்பி நாலாவது செதறும். பெரியவங்க வந்தாலே செதறும். இது கொழந்தைங்க. ஒன்னும் ஒட்டல பாய் அதுங்களுக்கு."

பாய் என்னைப் பார்த்தார். "சத்தமே இல்ல பாய், சாவு வூடாட்டம் இருந்திச்சு" என்று நானும் சொன்னேன். என் வாயில் நல்ல வார்த்தை வந்தால்தான் படம் ஊத்திக்கொள்ளும் என்பார்கள். அன்றைக்குக் கெட்ட வார்த்தை சொன்னேன், தியேட்டரே ஊத்திக்கொண்டது.

வராண்டாவில் இருக்கிற குப்பை டிரம்மை நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதில் ஒரு கப்கூட விழவில்லை என்பது தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் பாய் கையெழுத்துப் போட்டார். போடும்போது அழுதார். ஃபுர்கான் அக்காவிடம் வந்து, "பத்து நாள் டைம் இருக்குது, அதுவரைக்கும் ரூம்ல இருங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் மூன்றாம் நாளே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காவலூர் வழியாக மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். சாவியை என்னிடம் கொடுத்தாள். இனி எந்தப் பூட்டுக்கு என்று நான் கேட்கவில்லை, கதவையே அன்று மத்தியானம் பெயர்த்துவிட்டார்கள்.

எனக்குத் திருப்பத்தூரில் மூன்று ஸ்கிரீன் உள்ள தியேட்டரில் வேலை கிடைத்தது. போன முதல் நாளே திகைத்துப்போனேன். அங்கே கரடிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வாரம் சுமார்தான். பரீட்சை முடிந்ததும் பிடித்துக்கொண்டது. மே மாதம் முழுக்க கொட்டகை தாங்காத கூட்டம். அதிலும் யார் என்று நினைக்கிறீர்கள்? மலைக்காரர்கள். அம்மா, அப்பன், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குடும்பத்தோடு இறங்கி வந்தார்கள். ஆலங்காயத்தில் ஷூ பெட்டி இறக்கிக்கொண்டிருந்த குல்ஷனைத் தாண்டி, இன்னொரு பஸ் மாறி, வெயிலில் வந்தார்கள். ஒருவரைக் கேட்டேன். "ஸ்கூல் பசங்க வந்து கத சொல்லிச் சொல்லி உசுர வாங்கிட்டாங்க. ஊர்ல ஆடு மேய்க்கற எடத்துல எல்லாம் இதே கததான்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவின் கணக்கு எங்கே தப்பியது என்று நாள் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டேன். பேச்சுவாக்கில் எங்கள் மேனேஜர் சின்னராஜிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆர்வமாகிவிட்டார். "பெருக்கறதுக்கு இங்க கான்ட்ராக்ட் ஆளுங்க இருக்காங்க. அந்தம்மா சும்மா பாத்து சொன்னா போதும். தங்கறதுக்கு ரூம் தர்றேன், கூட்டிட்டு வாங்க" என்றார். நான் தலைகால் புரியாமல் ஜூன் முதல் வாரத்தில் மலைக்கு பஸ் ஏறினேன்.

எலந்தம்பட்டில் அர்ச்சுனன் வீடு ரோட்டிலிருந்து அரை மைல் நடை. இரண்டு அறையும் ஒரு தகரத் தாழ்வாரமும். அக்கா தாழ்வாரத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் பாதியாகிவிட்டிருந்தாள். அர்ச்சுனன் மரியாதையாகப் பேசினான். சின்னக்குழந்தை என்கிற அவன் பெண்டாட்டி மோர் கொடுத்தாள். நல்லவர்கள்தான். ஆனால் அக்கா, யார் எதைக் கேட்பதற்கு முன்னும் எழுந்து ஓடினாள். மாட்டைப் பிடித்துக் கட்டினாள், தண்ணீர் மொண்டாள், எனக்குப் போட்ட கோரைப் பாயின் ஓரத்தில்கூட உட்காராமல் மண்ணில் உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷம் பூட்டிய கதவுக்குள் ராணி மாதிரி இருந்தவள்.

திருப்பத்தூர் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் சுவர் மாடத்தைப் பார்த்தேன். அங்கே கரடி முகம் போட்ட அட்டைக் கப் இருந்தது. உள்ளே உப்பு. பக்கத்தில் இன்னொன்றில் பென்சில்கள். எதிர்வீட்டு வேலி ஓரம் நாலைந்து கப்பில் மண் போட்டு மிளகாய் நாற்று விட்டிருந்தார்கள். எல்லாக் கரடியும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றேன். மாடத்தைக் கையால் காட்டினேன்.

"வந்த அன்னிக்கே பாத்துட்டேன்" என்றாள் அவள். "நூத்தி நாப்பதும் இந்த மலைலதான் கீது. பொரிய ஒன்னு ரெண்டு வாயில போட்டுகினு மீதிய பைல வெச்சு எடுத்தாந்துருக்குதுங்க. எங்க ஆளுங்க வெளிய கையில குடுத்தத தனியா தின்ன மாட்டாங்க சரவணா. விருந்தோ கறியோ, வூட்டுக்குப் பங்கு வரணும். நானும் அப்டித்தான் வளந்தேன். ஒரு பணியாரம் குடுத்தா மடில முடிஞ்சிகினு வந்து தம்பிக்குப் பாதி குடுப்பேன். அத மறந்துட்டேன் பாரு. கீழ்நாட்டு ஆளுங்க குப்பையவே பாத்துப் பாத்து, எங்க கொழந்தைங்கள எனக்கே தெரியாம போச்சு."

நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். ஒரு தடவை தப்பினால் என்ன, யானைக்கும் அடி சறுக்கும், மேனேஜர் காத்திருக்கிறார், அறை இருக்கிறது, கதவு இருக்கிறது என்று அடுக்கினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"பெருக்கற வேல இருக்குதா?"

"இல்லக்கா. பாத்து சொல்ற வேலதான்."

"அப்ப வேணாம். ஒரு மனுசன் நாப்பது வருசமா நடத்தன தியேட்டர என் வாயால மூடிட்டேன். ஒன் பொழப்பு, டீக்கடைக்காரன் பொழப்பு, எல்லாம் என் வாயால போச்சு. இனிமே எவனுக்கும் ஓடும், ஓடாதுன்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது."

அப்போது தேவயானி ஓடி வந்தாள். தியேட்டர் மாமா என்று என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். உட்கார்ந்து கரடிப் படத்தை ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். குட்டி விழுகிற இடத்தில் இப்போதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு ஏன் யாருமே சத்தம் போடவில்லை என்று கேட்டேன்.

"சத்தம் போட்டா அடுத்த தடவ கூட்டிட்டு வர மாட்டேன்னு டீச்சர் சொல்ட்டாங்க. எல்லாரும் வாயப் பொத்திகினு அழுதோம்" என்றாள். பிறகு என் காதருகே வந்து, அத்தைக்கும் கேட்கிற மாதிரிதான், பெருமையாகச் சொன்னாள். "இன்னொன்னு தெரிமா மாமா? யாரும் எதுவும் கீழ போடக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். எங்க அத்ததான் இங்க பெருக்கறாங்க, பாவம், இடுப்பு வலிக்கும்னு. ரெண்டு பசங்க பொரிய கொட்டிட்டாங்க. நான் சீட்டு கீழ பூந்து ஒன்னு வுடாம பொறுக்கிட்டேன். ஹேர்பின்னுகூட தேடனேன், அதுதான் கெடைக்கல." அத்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். "அன்னிக்கு சீக்கிரமா முடிச்சிட்டியா அத்தே?"

"கால் மணி நேரத்துல முடிச்சிட்டேண்டி கண்ணு" என்றாள் அக்கா. அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். இந்தக் கதையை அவள் ஏற்கெனவே பல தடவை கேட்டிருக்கிறாள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. ஒரு தடவைகூட அவள் முகம் மாறியிருக்காது என்பதும் தெரிந்தது. எனக்கு எழுந்து எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"நல்ல பொண்ணு" என்றேன் தேவயானியிடம்.

அக்கா பஸ் நிறுத்தம் வரை என்கூட வந்தாள். பஸ் வளைவில் தெரிந்தபோது என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"தியேட்டர ஏன் மூடனாங்கன்னு அவ கேட்டுகினே கீறா. மொதலாளிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லு. எங்க பாத்தாலும் அதையே சொல்லு. பெரியவளாகிக் கேட்டாலும்."

சரி என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மாடு கறக்கிற நேரம். தம்பி பெண்டாட்டி கூப்பிடுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள்.